தலையும் தண்டும்: வேக வீச்சுக்காரரின் டிரைவர் மட்டை, மேல்பழனி உயரத்திலிருந்து ஓர் ஆய்வு

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியபோது மலைக்கு வண்டிச்சாலை கிடையாது. இன்றைய மலைச்சாலையில் வண்டிகள் ஏற இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. அதுவரை அம்மையநாயக்கனூரில் ரயிலைவிட்டு இறங்கி, பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்புவரை மாட்டுவண்டியில் வந்து, அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ கூலிகள் தூக்கும் நாற்காலியிலோ மேலேற வேண்டும். வெள்ளைக்காரரின் கோல்ஃப் மட்டைகளும் அந்தக் காட்டுப்பாதையில் யாரோ ஒருவர் தோளில்தான் வந்திருக்க முடியும். அந்தக் கட்டில் மிக நீளமானது டிரைவர். குழிக்கான முதல் அடியை, பந்தை டீ எனப்படும் சிறு முளையின்மேல் வைத்து, முழு வேகத்தில் அடிப்பதற்கான மட்டை அது.

அந்த மட்டையின் தலையும் தண்டும் 130 ஆண்டுகளில் எப்படி மாறின என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். மரம் போய் உலோகம் வந்தது, உலோகத்தோடு தூரமும் வந்தது என்பதே வழக்கமான கதை. எனக்கு அது போதவில்லை. தலையும் தண்டும் ஒருபோதும் சேர்ந்து வளரவில்லை. ஒன்று முந்தும், மற்றது பின்தங்கும். மெதுவாக வீசுபவருக்கு இந்த இடைவெளி பெரிதாகத் தெரியாது. வேகமாக வீசுபவர்தான் ஒவ்வொரு முறையும் அதில் மாட்டிக்கொண்டார். இன்று அவருக்குச் சொல்லப்படும் ஆலோசனைகளிலும் இந்த வரலாற்றின் தழும்பு இருக்கிறது. போதாக்குறைக்கு அவை கடல்மட்டத்துக் காற்றை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. கொடைக்கானல் இருக்கும் மேல்பழனி மலையில் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஹிக்கரித் தண்டின் காலம்

1890களின் டிரைவருக்குத் தண்டு அமெரிக்க ஹிக்கரி மரம். தலைக்கு அதுவரை பீச், ஆப்பிள் போன்ற மரங்களைச் செதுக்கினார்கள். பிறகு பெர்சிமன் அந்த இடத்தைப் பிடித்தது. பெர்சிமன் நமக்கு அந்நியமான மரம் அல்ல. நம் கருங்காலியும் பனிச்சையும் சேர்ந்த டயோஸ்பைரோஸ் பேரினத்தில் பிறந்தது. இறுகிய இழை, கனம், அடி தாங்கும் குணம் எல்லாம் குடும்பச் சொத்து. அதை எண்ணெயில் ஊறவைத்து, வார்னிஷ் பூசி, தண்டும் தலையும் சேரும் கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்றுவார்கள். இரண்டு பருவமழையும் மூடுபனியும் உள்ள ஊரில் மரமட்டையை உலர்வாக வைத்துக்கொள்வது எளிதாக இருந்திருக்காது.

ஹிக்கரியின் குறை வளைவு அல்ல, முறுக்கம். டிரைவர் தலையின் எடை தண்டின் நேர்கோட்டில் இல்லை, பக்கவாட்டில் நீண்டு கிடக்கிறது. வீச்சு வேகமெடுக்கும்போது அந்தப் பக்கச்சுமை தண்டைத் திருகுகிறது. மரத்தண்டு தாராளமாகத் திருகிக்கொள்ளும். அடிக்கும் கணத்தில் மட்டையின் முகம் எங்கே பார்க்கிறது என்பது வீச்சுக்கு வீச்சு மாறும். ஆகவே அந்தக் கால ஆட்டக்காரர் நிதானமான, நீளமான வீச்சைப் பழகினார். அந்த அழகை இன்றும் புகழ்கிறார்கள். எனக்கு அது அழகுணர்ச்சியில் பிறந்ததாகத் தோன்றவில்லை, தண்டு விதித்த கட்டுப்பாடாகவே தோன்றுகிறது. கைவலு மிக்கவர் அப்போதும் இருந்தார்கள். அவர்கள் வலுவைத் தாங்க மட்டை இல்லை.

கொடைக்கானலில் திடல் அமைந்த அதே ஆண்டுகளில்தான் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பி. ஜி. டெயிட் என்ற இயற்பியல் பேராசிரியர் கோல்ஃப் பந்தின் பாதையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். பந்து பின்னோக்கிச் சுழன்றால் காற்று அதை மேலே தூக்கும், தூரம் அதனால்தான் கிடைக்கிறது என்று நிறுவினார். அவர் மகன் ஃப்ரெடி டெயிட் 1896இலும் 1898இலும் பிரிட்டனின் அமெச்சூர் சாம்பியன். காற்றின் தூக்கல் இல்லாமல் இவ்வளவு தூரம் இல்லை என்ற இந்த உண்மை கொடைக்கானலுக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எஃகு, பிறகு கார்பன்

எஃகுக் குழாய்த் தண்டுக்கு 1910இல் அமெரிக்காவின் ஆர்தர் நைட் காப்புரிமை பெற்றார். ஆட்ட விதிகளை வகுக்கும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அதை ஏற்றது 1929இல். அடுத்த ஆண்டே பாபி ஜோன்ஸ் நான்கு பெரும் பட்டங்களையும் ஹிக்கரி மட்டைகளால் வென்றார். ஆனால் 1931இல் அமெரிக்க ஓப்பனை எஃகுத் தண்டோடு பில்லி பர்க் வென்றபின் மரத்தண்டுக்கு எதிர்காலம் இல்லை. முறுக்கம் அடங்கியது, வேக வீச்சுக்காரருக்கு முதல் விடுதலை கிடைத்தது. தண்டு முந்திய காலம் இது. பெர்சிமன் தலை அதன்பின் அரை நூற்றாண்டு ஏறக்குறைய அப்படியே கிடந்தது.

அடுத்த பாய்ச்சலும் தண்டில்தான். பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிறுவனம் 1960களில் வலுவான கார்பன் இழையை உருவாக்கியது. அதைக்கொண்டு ஷேக்ஸ்பியர் என்ற விளையாட்டுக்கருவி நிறுவனத்தில் ஃபிராங்க் தாமஸ் 1969இல் கோல்ஃப் தண்டு செய்தார். டிரைவரின் எஃகுத் தண்டு 120 கிராம் அளவில் இருந்தது. கார்பன் தண்டு அதைவிட வெகுவாக இலேசு. ஆனால் தொடக்ககாலக் கார்பன் தண்டுகள் ஹிக்கரியின் பழைய நோயைத் திரும்பக் கொண்டுவந்தன. இழைகள் நீளவாக்கில் ஓடியதால் வளைவைத் தாங்கின, திருகலைத் தாங்கவில்லை. மெதுவாக வீசியவர்கள் சில கெஜம் கூடக் கண்டு மகிழ்ந்தார்கள். வேகமாக வீசியவர்களின் பந்து இருபுறமும் சிதறியது. இழைகளைக் குறுக்குச்சாய்வாகவும் அடுக்கி முறுக்கத்தைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்ளக் காலம் பிடித்தது. 1997இல் மாஸ்டர்ஸ் போட்டியை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்ற டைகர் வுட்ஸின் டிரைவரில் இருந்தது எஃகுத் தண்டு. அக்காலத்தின் அதிவேக வீச்சுக்காரர்களில் ஒருவர் கார்பனை அவ்வளவு நாள் நம்பவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

தண்டு என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதில் இன்றும் குழப்பம் உண்டு. 1968இல் காக்ரனும் ஸ்டாப்ஸும் வெளியிட்ட ‘தி சர்ச் ஃபார் தி பெர்ஃபெக்ட் ஸ்விங்’ என்ற நூல் இதைத் தெளிவாக்கியது. பந்தும் முகமும் தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் கையின் விசை தண்டு வழியாகத் தலைக்கு வந்துசேராது. மோதலின்போது தலை, தண்டில் பொருத்தப்படாத ஒரு பொருளைப் போலவே நடந்துகொள்கிறது. தலைக்குச் சற்று மேலே கீல் வைத்த மட்டையால் அடித்தும் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள், தூரம் பெரிதாகக் குறையவில்லை. ஆக, தண்டு பந்தைத் தள்ளுவதில்லை. மோதலுக்கு முன்பு, முகத்தை எந்தக் கோணத்தில், எந்தச் சாய்வில் பந்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதே அதன் வேலை.

தலை வீங்கிய கதை

1979இல் கேரி ஆடம்ஸ் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி, உள்ளீடற்ற எஃகுத் தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். முதலில் சிரித்தார்கள். மரத்தலையில் எடை நடுவில் திரண்டிருக்கும், உள்ளீடற்ற தலையில் அது ஓரங்களுக்குப் போகிறது. அதனால் நடுவில் படாத அடியிலும் தலை குறைவாகவே திரும்புகிறது. கேலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா 1991இல் 190 கன செ.மீ. அளவில் வந்தபோது அது பெரியதாகத் தெரிந்தது. 1995இல் அதே நிறுவனம் டைட்டானியத்தில் 250 கன செ.மீ. தலை செய்தது. எஃகில் பாதியைவிடச் சற்றே கூடுதல் அடர்த்தி கொண்ட உலோகம் என்பதால் அதே 200 கிராம் எடைக்குள் தலையை ஊதிப் பெருக்க முடிந்தது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலாகக் கிடக்கிறது. பக்கத்துக் கேரளத்தின் சவறாவில் டைட்டானியக் கடற்பஞ்சு ஆலையே 2011இல் வந்தது. ஆனால் அதன் நோக்கம் விண்வெளித்துறை. டிரைவர் தலைகள் பெரும்பாலும் சீனாவிலும் தைவானிலும் வார்க்கப்பட்டு நமக்கு இறக்குமதியாகின்றன.

தலை பெருத்ததில் மெல்லிய முகமும் கிடைத்தது. அது மோதலில் உள்வாங்கி மீள்வதால் பந்து நசுங்கி வீணாகும் ஆற்றல் குறைகிறது. மரத்தின் மீள்திறன் 0.78 அளவில் இருந்தது, அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1998இல் 0.830 என்று உச்சவரம்பு போட்டது. 2004இல் தலையின் கனஅளவுக்கு 460 கன செ.மீ. என்றும் மட்டையின் நீளத்துக்கு 48 அங்குலம் என்றும் வரம்பு வந்தது. தொழில்முறைப் போட்டிகள் நீளத்தை 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ள 2022இல் வழி செய்யப்பட்டது. வேகம் எப்படி ஏறியது என்பதற்கும் விதிநூலே சாட்சி. பந்தின் தூரத்தைச் சோதிக்கும் இயந்திரம் 1976இல் மணிக்கு 109 மைல் வேகத்தில் வீசியது, 2004இல் 120 மைல். 125 மைலாக்குவது என்று 2023இல் அறிவித்தார்கள்.

வேக வீச்சுக்காரருக்குப் புதிய சிக்கல் இந்தப் பெரிய தலையிலிருந்துதான் வந்தது. தலையின் எடைமையம் முகத்திலிருந்து பின்னோக்கியும் தண்டின் கோட்டிலிருந்து விலகியும் போய்விட்டது. கீழ்நோக்கிய வீச்சில் அந்த எடைமையம் கைகளும் தண்டும் இருக்கும் நேர்கோட்டுக்கு வர முயல்கிறது. விளைவாகத் தண்டின் நுனி முன்னோக்கி வளைந்து முகத்தை மேல்நோக்கித் திருப்புகிறது, சற்று மூடவும் செய்கிறது. மட்டையின் அடியில் முகச்சாய்வு 9 டிகிரி என்று பொறித்திருக்கும், பந்தைத் தொடும்போது 12 டிகிரிகூட இருக்கலாம். வேகம் கூடக்கூட இந்த இழுப்பும் கூடும். பந்து உயரே போய், சுழல் மிகுந்து, தூரம் போகாமல் விழும். அல்லது இடப்பக்கம் வளைந்து ஹூக் ஆகும்.

அதனால்தான் வேக வீச்சுக்காரருக்கு நுனி விறைத்த, முறுக்கம் குறைந்த, 60 முதல் 80 கிராம் எடையுள்ள கார்பன் தண்டும், எடைமையம் முன்னே கொண்டுவரப்பட்ட, சுழல் குறைந்த தலையும் பரிந்துரைக்கப்படுகின்றன. காரணத்தோடு சொல்லும்போது சரியான பரிந்துரைதான். காரணம் தெரியாமல் கேட்பவர் இரண்டு இடங்களில் ஏமாறுவார். ஒன்று, விறைப்பைக் குறிக்கத் தண்டின்மேல் உள்ள ஆர், எஸ், எக்ஸ் எழுத்துகள். இவற்றுக்குப் பொதுத்தரம் கிடையாது. ஒரு நிறுவனத்தின் எஸ் இன்னொன்றின் எக்ஸாக இருக்கலாம். இரண்டாவது, வேகத்தை மட்டும் பார்ப்பது. மேலே போன மட்டை கீழே திரும்பும் இடத்தில் வெடுக்கென்று இழுப்பவருக்கும் மெல்லத் திருப்புபவருக்கும் கடைசி வேகம் ஒன்றாகவே இருந்தாலும் வேண்டிய விறைப்பு ஒன்றல்ல. என் கருத்தில் எழுத்தைவிட எடை முக்கியம். மட்டை எங்கே இருக்கிறது என்று கை உணர வேண்டும், மிக இலேசான தண்டில் வேகக்காரருக்கு அந்த உணர்வு போய்விடும்.

மேல்பழனிக் காற்று

கோல்ஃப் திடல் கொடைக்கானலோடு நின்றுவிட்டது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று மேற்கே நீளும் ஊர்களில் சரிவுகளெல்லாம் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு. ஆனால் சுமார் 2,000 மீட்டர் உயர்ந்த இந்த மேட்டுநிலம் முழுவதிலும் காற்று ஒரே மாதிரி மெலிந்தது. கொடைக்கானலின் 2,100 மீட்டரில், 17 டிகிரி வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 0.94 கிலோ. சென்னையின் 30 டிகிரியில் அது 1.16 கிலோ. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

தடுப்பு குறைவதால் பந்து கூடுதலாகப் போகும். ஆட்டக்காரர்கள் பின்பற்றும் கணக்குப்படி ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். 7,000 அடியில் ஏறத்தாழ 8 சதவீதம். சென்னை நந்தனம் திடலில் 250 கெஜம் பறக்கும் அடி கொடைக்கானலில் 270 பறக்கும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். டெயிட்டின் கண்டுபிடிப்பை இதோடு சேர்த்துப் பார்ப்பவர் குறைவு. தடுக்கும் காற்றேதான் தூக்கவும் செய்கிறது. அது மெலிந்தால் தூக்கலும் அதே அளவு குறையும். பந்து தாழ்வான பாதையில் போய்ச் சீக்கிரம் இறங்கும்.

இதனால் மேலே சொன்ன பரிந்துரை இங்கே பாதி தலைகீழாகிறது. சுழலைக் குறைக்கும் வேலையின் பலனில் ஒரு பகுதியை மலைக்காற்றே முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறது. அதற்குமேல் சுழல் குறைந்த தலையும் 8, 9 டிகிரிச் சாய்வும் வைத்தால், நல்ல வேகமுள்ளவரின் பந்தும் உயராமலே விழும். 2020 அமெரிக்க ஓப்பனை பிரைசன் டிசாம்போ 5.5 டிகிரி டிரைவரோடு வென்றார் என்பதைக் கேட்டுக் குறைந்த சாய்வுக்கு ஆசைப்படுபவர்கள் உண்டு. அவருடைய வேகமும் மேல்நோக்கி அடிக்கும் கோணமும் வேறு, அந்தத் திடலின் காற்றும் வேறு. கொடைக்கானலிலோ, ஊட்டியிலோ, 1889 முதல் கோல்ஃப் ஆடப்படும் இலங்கையின் நுவரெலியாவிலோ ஆடும் வேகக்காரர் சமவெளியில் வைத்திருப்பதைவிட ஒரு டிகிரி கூட்டி, எடைமையம் சற்றுப் பின்னே உள்ள தலையை எடுப்பதே சரி. தண்டை மாற்ற வேண்டியதில்லை. முறுக்கமும் நுனி வளைவும் வீச்சைப் பொறுத்தவை, உயரத்தைப் பொறுத்தவை அல்ல.

பக்கவாட்டு வளைவும் இதே கணக்கில்தான் வரும். வலப்பக்கம் வளையும் ஸ்லைஸும் இடப்பக்கம் வளையும் ஹூக்கும் காற்றால் நடப்பவை, மெலிந்த காற்றில் அவையும் சுருங்கும். மலையில் மட்டையைச் சோதித்து ‘நேராகப் போகிறது’ என்று வாங்கியவருக்குச் சமவெளித் திடலில் அந்த மறைந்த ஸ்லைஸ் வெளிப்பட்டுவிடும். ஆகவே தண்டைத் தேர்ந்தெடுக்கும் சோதனையைச் சமவெளியிலும், சாய்வைத் தீர்மானிக்கும் சோதனையை மலையிலும் செய்வது நல்லது.

2009 வாக்கில் கழுத்தைத் திருகிச் சாய்வை மாற்றும் டிரைவர்கள் பரவலாயின. எனவே ஒரே மட்டை இரண்டு ஊருக்கும் போதும். சாய்வைக் கூட்டினால் முகமும் கொஞ்சம் மூடிக்கொள்ளும். ஏற்கெனவே ஹூக் அடிப்பவர் பிடிக்கும்போதே அதைக் கவனிக்க வேண்டும். ஆனால் மாற்றுவதை முதல் டீக்குப் போகுமுன் முடித்துவிட வேண்டும். ஆட்டம் தொடங்கியபின் மட்டையின் அமைப்பை மாற்றி அடிப்பதை விதி 4.1 தடுக்கிறது.