கல்கத்தா எவ்வளவு தூரம்?

சிவகாசி லாரி செட்டில் வடநாட்டு லோடுகளுக்குப் பில் எழுதுவது என் பிழைப்பு. கல்கத்தா என்று எழுதும்போதெல்லாம் 1922 நினைவுக்கு வரும். அந்த ஆண்டில்தான் எங்கள் ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க அங்கே கிளம்பினார்கள். சிவகாசிக்கு அப்போது ரயிலே கிடையாது; தண்டவாளம் வந்தது 1927இல். சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, விருதுபட்டி என்றிருந்த விருதுநகருக்குப் போனால்தான் வண்டி. பிறகு நாள்கணக்கில் பயணம். மாதக்கணக்கில் அங்கே தங்கித் தொழில் படித்துத் திரும்பியவர்கள் 1923இல் தீப்பெட்டி ஆலை தொடங்கினார்கள். மழை பொய்த்த இந்தக் கரிசல் பூமிக்கு அந்தப் பயணம்தான் சோறு போட்டது.

இன்று மதுரையிலிருந்து கொல்கத்தா வான்வழியே சுமார் 1,800 கிலோமீட்டர். சென்னையில் விமானம் மாறினாலும் பறக்கும் நேரம் நாலு மணிக்குள் அடங்கும்.

எங்கள் பட்டாசு, தீப்பெட்டிச் சரக்குக்கு அந்த வசதி இல்லை. வெடிபொருள் என்பதால் பயணிகள் விமானத்தில் பட்டாசுக்கு இடமே கிடையாது. பெட்டிக்குள் ஒரு தீப்பெட்டி கிடந்தாலும் எடுத்துவிடுவார்கள். நாங்கள் ஏற்றும் அட்டைப்பெட்டிகள் இன்றும் சாலை வழியாகத்தான் போகின்றன. ஈரம் படாமல் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கயிற்று முடிச்சுகளை டிரைவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த பிறகே வண்டி நகரும். கொல்கத்தா போய்ச் சேர நாலைந்து நாள்.