துரோகி என்றார்கள், தந்தை என்றார்கள்!

உங்கள் மொழியின் தொன்மைக்குச் சான்று என்று ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் ஒரு பழஞ்சுவடி. அது போலி என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. வெளியே சொல்வீர்களா... இல்லை, 'நமக்கேன் வம்பு' என்று இருந்துவிடுவீர்களா?

1886-ல் பிராக் நகரத்துத் தத்துவப் பேராசிரியர் ஒருவர் சொன்னார். பெயர், தாமஸ் மசாரிக். குதிரைவண்டிக்காரரின் மகன். அப்போது செக் மக்கள் ஆஸ்திரியப் பேரரசின் பிடியில் இருந்தார்கள். அவர்கள் பெருமையோடு காட்டிக்கொண்டிருந்தது, 1817-லும் 1818-லும் 'கண்டெடுக்கப்பட்ட' பழங்காலக் கவிதைச் சுவடிகளை. 'இதிலுள்ள இலக்கணம் அந்தக் காலத்தது அல்ல' என்று மொழியறிஞர் கெபவர் எழுத, மசாரிக் அதைத் தன் பத்திரிகையில் துணிந்து வெளியிட்டார். பொய்யின் மேல் ஒரு தேசத்தைக் கட்ட முடியாது என்பது அவர் கட்சி. அவ்வளவுதான்... 'துரோகி' என்று பாய்ந்தார்கள்!

மனிதர் அடங்கினாரா? 1899-ல், மதச்சடங்குக்காகக் கொலை செய்ததாக ஹில்ஸ்னர் என்ற யூத இளைஞனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். 'ரத்தப் பலி என்பதே கட்டுக்கதை' என்று எழுதினார் மசாரிக். மாணவர்களே வகுப்பில் கூச்சல் போட்டு அவரைப் பேசவிடாமல் தடுத்தார்கள்.

1914-ல் உலகப் போர் வெடித்தது. அப்போது மசாரிக்குக்கு வயது 64. பேரன் பேத்திகளோடு ஓய்வெடுக்க வேண்டிய வயதில் நாட்டைவிட்டு வெளியேறினார். ஜெனீவா, லண்டன், ரஷ்யா, அமெரிக்கா என்று நாலு வருட அலைச்சல். பிராக்கில் குடும்பம் அதற்கான விலையைக் கொடுத்தது. மகள் ஆலிஸ் சிறையில். மகன் ஹெர்பர்ட் 1915-ல் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். மனைவி சார்லட் மனமொடிந்துபோனார்.

ரஷ்யாவில் போர்க்கைதிகளாகக் கிடந்த செக், ஸ்லோவாக் சிப்பாய்களை ஒரு படையாகத் திரட்டியது மசாரிக்கின் பெரிய சாதனை. நாடே இல்லாத ஒருவரிடம் ஒரு ராணுவம்! வல்லரசுகள் நிமிர்ந்து பார்த்தன. 1918 அக்டோபர் 28-ல் செக்கோஸ்லோவாகியா பிறந்தது. டிசம்பர் 21-ல் பிராக் திரும்பிய ஜனாதிபதி மசாரிக்கை வரவேற்க, ஊரே தெருவில் திரண்டது. பிற்பாடு 'தந்தை' என்றே அழைத்தார்கள்.

ஸ்லோவாக்குகள் எதிர்பார்த்த சுயாட்சி அவர் காலத்தில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1993-ல் நாடு இரண்டாகப் பிரிந்தது. ஆனால், அவர் காலத்தில் ஜனாதிபதியின் கொடியில் பொறித்த வாசகத்தைச் செக் குடியரசு கைவிடவில்லை. அது... 'உண்மை வெல்லும்'!