பகிஷ்கரிப்பும் பல்கலைக்கழகமும்: பலஸ்தீனப் பிரச்சினையில் பேராசிரியர்களின் பங்கு

அறிவு நாடு, இனம், மொழி ஆகிய எல்லைகளைக் கடந்தது என்பது பல்கலைக்கழகங்களின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்றாகும். அந்நம்பிக்கையில் வளர்ந்த பேராசிரியர்களே பிறிதொரு நாட்டின் பல்கலைக்கழகங்களோடு கொண்ட உறவை முறித்துக்கொள்ள முன்வருவார்களாயின், அதற்கான காரணங்கள் ஆராயப்பட வேண்டியவை. இஸ்ரேலியப் பல்கலைக்கழகங்களுக்கு எதிராக 2002ஆம் ஆண்டு தொடக்கம் மேலைத்தேயங்களில் வளர்ந்துவந்துள்ள கல்விசார் பகிஷ்கரிப்பு இயக்கம் இவ்வகையில் நோக்கத்தக்கது. தனிமனிதனான அறிஞன் எங்கே முடிகிறான், நிறுவனம் எங்கே தொடங்குகிறது என்னும் வினா அவ்வியக்கத்தின் வரலாறு முழுவதையும் ஊடுருவி நிற்கிறது.

இவ்வியக்கத்துக்கு முன்மாதிரியாக அமைந்தது தென்னாபிரிக்க அனுபவமாகும். ஜக் சைமன்ஸ், எடி ரூ ஆகிய இரு கல்விமான்கள்மீது நிறவெறி அரசு தடையுத்தரவு பிறப்பித்ததைக் கண்டித்து, 1965 நவம்பரில் பிரித்தானியாவின் 34 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 496 கல்விமான்கள் ஒரு பிரகடனத்தில் கையொப்பமிட்டனர். இனப்பாகுபாடு காட்டும் தென்னாபிரிக்கப் பல்கலைக்கழகங்களில் பதவி ஏற்பதில்லை என்பதே அவர்கள் பூண்ட உறுதி. நிறவெறியை எதிர்த்த தாராண்மைவாதப் பல்கலைக்கழகங்களையும் தண்டிப்பது முறையா என்னும் கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது.

பலஸ்தீனத்தில் உயர்கல்வி 1967ஆம் ஆண்டின் பின்னர் இராணுவ ஆக்கிரமிப்பின் கீழேயே வளரவேண்டியிருந்தது. பிற்பாடு பல்கலைக்கழகமாக உயர்ந்த பிர்சைத் கல்லூரியின் தலைவர் ஹன்னா நாசிர் 1974 நவம்பரில் நாடு கடத்தப்பட்டார். 1993இலேயே அவரால் திரும்பிவர முடிந்தது. முதலாவது இன்திபாதா வெடித்ததைத் தொடர்ந்து 1988 ஜனவரியில் இராணுவம் பிர்சைத் பல்கலைக்கழகத்தை மூடியது. 1992 ஏப்ரலில் மீளத் திறக்கப்படும்வரை 51 மாதங்கள் அதன் வாயில் அடைபட்டுக் கிடந்தது. அக்காலத்தில் விரிவுரையாளர்கள் வீடுகளில் இரகசியமாக வகுப்புகளை நடத்தினர். எனவே, பகிஷ்கரிப்பு கல்விச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்று பிற்காலத்தில் கூறப்பட்டபோது, தமது கல்விச் சுதந்திரம் எவருடைய கணக்கில் சேர்க்கப்பட்டது எனப் பலஸ்தீன ஆசிரியர்கள் வினவியதில் வியப்பில்லை.

இரண்டாவது இன்திபாதாக் காலத்தில், 2002 ஏப்ரலில், ஹிலரி ரோஸ், ஸ்டீவன் ரோஸ் ஆகிய இரு பிரித்தானியப் பேராசிரியர்களின் முயற்சியால் 'கார்டியன்' பத்திரிகையில் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட கல்விமான்கள் அதில் ஒப்பமிட்டிருந்தனர். இஸ்ரேலுடனான ஐரோப்பிய ஆய்வு உறவுகளை இடைநிறுத்த வேண்டும் என அது கோரியது. ஆயின் சில வாரங்களுள் நிகழ்ந்த ஒரு சம்பவம் இயக்கத்தை இக்கட்டில் ஆழ்த்தியது. மன்செஸ்டரில் பணியாற்றிய மொழிபெயர்ப்பியற் பேராசிரியை மோனா பேக்கர், தாம் நடத்திய ஆய்விதழ்களின் குழுக்களிலிருந்து கிடியோன் டூரி, மிரியம் ஷ்லெசிங்கர் ஆகிய இரு இஸ்ரேலிய அறிஞர்களை நீக்கினார். தாம் எதிர்ப்பது நிறுவனங்களையே என அவர் விளக்கமளித்தார். எனினும் நீக்கப்பட்டவர்களுள் ஷ்லெசிங்கர், சர்வதேச மன்னிப்புச் சபையின் இஸ்ரேலியக் கிளைக்குத் தலைமை தாங்கி, தம் அரசின் செயல்களையே விமர்சித்தவர். நிறுவனத்தை நோக்கி எறிந்த கல் மனிதர்மேல் விழுந்தது என்பதைப் பகிஷ்கரிப்பின் ஆதரவாளர் பலரும் உணர்ந்தனர்.

இதன்பின் இயக்கத்தின் முன்னெடுப்பு பலஸ்தீனர் கைக்கு மாறியது. 2004இல் ரமல்லாவிலிருந்து கல்விமான்கள் விடுத்த அறைகூவல், இஸ்ரேலியக் கல்வி நிறுவனங்களைப் பகிஷ்கரிக்குமாறு கோரியது. தம் அரசின் கொள்கையை எதிர்க்கும் இஸ்ரேலிய அறிஞர்களுக்கு அதில் விலக்களிக்கப்பட்டிருந்தது. விலக்குப் பெற ஓர் அறிஞன் தன் அரசியலை நிரூபிக்க வேண்டுமெனில் அதுவே ஒரு சிந்தனைச் சோதனையாகிவிடும் என்ற கண்டனம் எழவே, அவ்வாசகம் பின்னர் நீக்கப்பட்டது. நிறுவனமே இலக்கு, தனிமனிதரின் பிறப்போ கருத்தோ அன்று என்னும் நிலைப்பாடு படிப்படியாக உறுதிபெற்றது.

இந்நிலைப்பாட்டின் முதற் பெருஞ்சோதனை பிரித்தானியாவில் நிகழ்ந்தது. 2005 ஏப்ரலில் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் ஹைபா, பார்-இலான் ஆகிய இரு பல்கலைக்கழகங்களைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தது. வரலாற்றாசிரியர் இலான் பாப்பே நடத்தப்பட்ட விதம் ஹைபாவுக்கு எதிரான குற்றச்சாட்டு. மேற்குக்கரைக் குடியேற்றமான ஏரியலில் இயங்கிய கல்லூரியுடனான தொடர்பு பார்-இலானுக்கு எதிரானது. ஒரு மாதம் கழிந்ததும், மே 26இல் கூடிய விசேட பேரவை அத்தீர்மானத்தை இரத்துச் செய்தது. அல்-குத்ஸ் பல்கலைக்கழகத் தலைவரும் பலஸ்தீனருமான ஸரி நுசைபா பகிஷ்கரிப்பை எதிர்த்தமை இங்கு குறிப்பிடத்தக்கது. அறிவாளர்களிடையேயான உறவே சமாதானத்துக்கு வழி என்பது அவர் கருத்து. 2007இல் புதிய சங்கத்தின் மாநாடு 158க்கு 99 என்ற வாக்குகளால் பகிஷ்கரிப்பு அறைகூவலைக் கிளைகளின் விவாதத்துக்கு விட்டபோதிலும், சட்ட ஆலோசனையின்பேரில் அதுவும் கைவிடப்பட்டது.

இஸ்ரேலினுள்ளும் குரல்கள் எழுந்தன. பென்-கூரியன் பல்கலைக்கழகப் பேராசிரியர் நெவ் கோர்டன் 2009இல் தம் நாட்டைப் பகிஷ்கரிக்குமாறு பகிரங்கமாக எழுதி, பல்கலைக்கழகத் தலைமையின் கண்டனத்துக்கு ஆளானார். பகிஷ்கரிப்புக்கு அறைகூவுவோர்மீது நட்டஈட்டு வழக்குத் தொடர வழிசெய்யும் சட்டம் 2011இல் நிறைவேறியது.

அமெரிக்காவில் மாற்றம் மெதுவாகவே வந்தது. அங்கு எதிர்ப்பு வலுவானது. இவ்வியக்கம் நோக்கத்தில் இல்லாவிடினும் விளைவில் யூத விரோதமானது என ஹார்வார்ட் தலைவர் லோரன்ஸ் சமர்ஸ் 2002இலேயே எச்சரித்திருந்தார். 2013 டிசெம்பரில் அமெரிக்கவியற் சங்கத்தின் வாக்கெடுப்பில் 1,252 பேர் வாக்களித்தனர். மூன்றில் இரு பங்கினர் பகிஷ்கரிப்பை ஆதரித்தனர். அமெரிக்க மானிடவியற் சங்கத்தில் 2016இல் 2,423க்கு 2,384 என்ற வாக்குகளால் தோற்ற தீர்மானம், 2023இல் 2,016க்கு 835 என்ற வாக்குகளால் வென்றது. பகிஷ்கரிப்பை 2005 முதல் எதிர்த்துவந்த அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், 2024 ஓகஸ்டில், அது தன்னளவில் கல்விச் சுதந்திரத்தை மீறுவதாகாது என அறிவித்தது.

இம்மாற்றத்தின் பிற்பகுதியைக் காசாவின் நிகழ்வுகளிலிருந்து பிரித்து நோக்க முடியாது. 2023 ஒக்டோபரில் தொடங்கிய போரில் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் யாவும் அழிவுக்கோ பெருஞ்சேதத்துக்கோ உள்ளாயின. 2024 ஏப்ரலில் ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் வெளியிட்ட அறிக்கை, கொல்லப்பட்ட பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் தொகையை 95 எனக் குறிப்பிட்டது.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படும். தனிமனிதரைத் தாக்கியபோது பகிஷ்கரிப்பு தன் நியாயத்தை இழந்தது. நிறுவனத்தின் செயலைச் சான்றோடு சுட்டியபோது செவிமடுக்கப்பட்டது. எனினும் நிறுவனம் மனிதராலேயே இயங்குவது. ஒரு கூட்டாய்வு நிற்குமாயின் அதில் உழைத்த இளம் ஆய்வாளனும் பாதிக்கப்படுவான். இவ்விழப்பை மறைத்துப் பேசும் ஆதரவாளரும், 51 மாதங்கள் அடைபட்ட வாயிலை மறந்து பேசும் எதிர்ப்பாளரும் வரலாற்றின் ஒரு பாதியையே கூறுகின்றனர். உறவை முறிப்பதற்கு ஒரு விலை உண்டு. முறிக்காதிருப்பதற்கும் விலை உண்டு. அவ்விலையைச் செலுத்துபவர் யார் என்பதை அறிந்த பின்னரே கல்விமான் தன் கையொப்பத்தை இடவோ மறுக்கவோ வேண்டும்.