ஒத்திக்கு வீடு: வட்டி கண்ணுக்குத் தெரியாத கடன்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

நாகர்கோவில்ல வீடு தேடினவங்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம்: "வாடகைக்கா, ஒத்திக்கா?" சென்னையில இதையே லீஸ், போக்கியம்னு சொல்வாங்க. மொத்தமா ஒரு தொகை கொடுத்துட்டுக் குடியிருக்கணும். மாச வாடகை கிடையாது. காலி பண்ணும்போது பணம் அப்படியே திரும்ப வரும். சின்னதா ஒரு வீடு வாங்கி விடலாம்னு யோசிக்கிறீங்களா? அப்போ ஒத்தியோட கதை தெரிஞ்சிருக்கணும்.

ஒத்தி, அதாவது ஒற்றி, வயலுக்கும் உள்ள ஏற்பாடு. கடன் வாங்குறவர் வயலை ஒப்படைப்பார். கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலா விளைச்சலை எடுத்துக்குவார். ஆனா ஒண்ணை அடகு வைக்கணும்னா, முதல்ல அது நம்முடையதா இருக்கணும் இல்லையா?

தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த நாஞ்சில் நாடு, திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அந்தச் சமஸ்தானத்தில் ஏராளமான நிலம் பண்டாரப்பாட்டம், உடைமை அரசுக்கு. உழுதவர் பாட்டம் கட்டும் குடியானவர் மட்டுமே. ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், மாதவராவ் திவானாக இருந்தபோது, 1865 ஜூன் 2-ல் வந்த பிரகடனம் இதை மாத்துச்சு. பாட்டத்தை ஒழுங்காகக் கட்டினால் நிலம் அவங்களுக்கே. விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம். திருவிதாங்கூர் விவசாயிகளின் மாக்னா கார்ட்டான்னு இதைச் சொல்றதுண்டு. ஆனா விற்கிற உரிமை வந்தா, கடனுக்கு நிலத்தை இழக்கிற வாய்ப்பும் கூடவே வருது.

1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துச்சு. ஒத்திங்கிற சொல் மட்டும் மாறலை.

இப்போ கணக்குக்கு வருவோம். 5 லட்சம் ரூபாய் ஒத்தின்னு வைச்சுக்குங்க. அதே பணத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தா வருஷம் 35,000 ரூபாய். மாசம் சுமார் 2,900. குடியிருப்பவர் விட்டுக்கொடுக்கிற அந்த வட்டிதான் வாடகை. வீட்டுக்காரருக்கு அந்த 5 லட்சம் வருமானமே இல்லை, திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன். அதைக் கல்யாணத்துக்கோ அடுத்த மனைக்கோ செலவழிச்சிட்டா, புது ஒத்திக்காரர் வந்தாத்தான் பழையவருக்குப் பணம். அவர் வரலைன்னா ரெண்டு குடும்பமும் மாட்டிக்கும்.

சட்டமும் இதை அடமானமாத்தான் பார்க்குது. 1882-ஆம் வருஷச் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாயோ அதுக்கு மேலோ உள்ள இப்படிப்பட்ட அடமானத்தைப் பத்திரப்பதிவு செய்யணும். வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து போட்டா போதாது. வாடகைன்னா வேற வழி: 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்துபூர்வ ஒப்பந்தமும் அதைப் பதிவு செய்றதும் கட்டாயம்னு சொல்லுது.

அதனால வீடு வாங்குறதுக்கு முன்னாடி வில்லங்கச் சான்று எடுங்க. உள்ளே யார் இருக்காங்க, எந்தக் கணக்குல இருக்காங்கன்னு நேர்ல போய்க் கேளுங்க. பதிவாகாத ஒத்தி வில்லங்கச் சான்றில் தெரியாது. கதவைத் தட்டினாத்தான் தெரியும்.