எந்த எழுத்துருங்க?

தமிழ்க் கணிமையின் வரலாறு என்றதும் மென்பொருள்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். 1985-இல் நம்ம நாட்டு முத்து நெடுமாறனின் முரசு, பின்னர் சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு. சரிதான். ஆனால் சிக்கலோடு வந்தவருக்கு யார், எப்படிப் பதில் சொன்னார்கள் என்பதும் வரலாறுதானே?

1990களின் பிற்பாதியில் தமிழ் மடலைத் திறந்தால் பல சமயம் கோழி கிறுக்கியது மாதிரி ஐரோப்பிய எழுத்துகள்தான் தெரியும். ஒரு பைட்டில் 256 இடங்கள். அதில் ‘க’ எங்கே உட்கார வேண்டும் என்பதை ஒவ்வோர் எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்திருந்தது. "எழுத்து தெரியலையே" என்பவரிடம் "எழுத்துருவை மாத்திப் பாருங்க" என்றால் அது பதில் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். எந்த எழுத்துரு, எந்த விண்டோஸ், அனுப்பியவர் எதில் தட்டினார் என்று திருப்பிக் கேட்டால்தான் கோளாறு எங்கே என்று தெரியும்.

ஒரே கேள்வி ஓயாமல் வரும்போது ஆளுக்கொரு பதில் போதாது. 1997 வாக்கில் தொடங்கி, பல நாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சலிலேயே வாதாடி ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். முத்துவும் கல்யாணசுந்தரமும் அதில் இருந்தார்கள். நான் பார்த்தவரை, உதவி செய்வதில் இதைவிடப் பெரிய வேலை கிடையாது. 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது யூனிகோடும் வந்துவிட்டிருந்தது.

அப்பாடா என்று உட்கார முடிந்ததா? திஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசை: கொம்பு, க, கால். யூனிகோடில் ‘க’தான் முதலில் வரும். அதிலும் இரண்டு வழி. பார்வைக்கு ஒரே ‘கொ’, ஆனால் சமமா என்று நிரலைக் கேட்டால் இல்லை என்கும்.

பத்துமலைப் பக்கம் நிரல் படிக்கும் தம்பி தங்கைகள் இன்றும் இதில் மாட்டுகிறார்கள். "இதுகூடத் தெரியாதா, தேடிப் பாரு" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போச்சு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளை மறுபடி வாயைத் திறக்காது. "நார்மலைஸ் பண்ணு" என்ற ஒற்றை வரியும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். நான் முதலில் இரண்டு சொல்லின் எண்களையும் அச்சிட்டுப் பார்க்கச் சொல்வேன். ஒன்றில் 2965, 3018. இன்னொன்றில் 2965, 3014, 3006. கொம்பும் காலும் தனித்தனியாக நிற்பது அங்கேயே தெரிந்துவிடும். அதற்கப்புறம் இரண்டையும் சேர்க்கும் கட்டளையைச் சொன்னால், எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.