இளையோர் தலைமையும் கொடையும்: எமது பிள்ளைகள் ஏறக்கூடிய படிகள்

கோல்டிங் உட்பட டென்மார்க்கின் யூலன்ட் நகரங்களுக்கு 1980களின் நடுப்பகுதியில் அகதிகளாக வந்து இறங்கிய தமிழர்களில் பெரும்பாலானோர் இளைஞர்கள். இருபது, இருபத்தைந்து வயது. மொழி தெரியாது. குடும்பம் ஊரில். ஆயினும் மண்டபம் எடுத்தார்கள், சங்கம் வைத்தார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு தொடங்கினார்கள், ஊருக்குப் பணம் சேர்த்து அனுப்பினார்கள். இளையோர் தலைமைத்துவம் என்ற சொல் அப்போது எவர் வாயிலும் இருக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்தது அதைத்தான்.

இன்று அவர்களின் தலை நரைத்துவிட்டது. சங்கங்களின் நாற்காலிகளில் பெரும்பாலும் அதே முகங்கள்தான். அவர்களுடைய பிள்ளைகள் மேடையில் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், விளையாட்டுப் போட்டியில் ஓடுகிறார்கள். நிர்வாகக் குழுவில் மட்டும் அவர்களைக் காண்பது அரிது. பதினாறு, பதினேழு வயதானதும் பலர் மெல்ல விலகிவிடுகிறார்கள். அந்த வயதில் ஒரு பிள்ளை பொதுப்பணிக்குள் எந்த வழியால் நுழையலாம், அதற்கு இந்த நாட்டில் என்ன வசதிகள் உண்டு, நாங்கள் எதை மாற்ற வேண்டும் என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

கம்சி குணரட்ணம் வந்த பாதை

ஸ்கண்டிநேவிய நாடுகளில் வளர்ந்த ஈழத்தமிழ் இளையோரில் அதிகம் அறியப்பட்டவர் நோர்வேயின் கம்சாயினி குணரட்ணம். கம்சி என்றால் எல்லோருக்கும் தெரியும். 1988 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் நோர்வேக்கு வந்தவர். ஒஸ்லோவில் தமிழ் இளையோர் அமைப்பில் செயற்பட்டார். தொழிற்கட்சியின் இளையோர் அமைப்பான ஏயூஎஃப்பிலும் செயற்பட்டார். ஒன்றுக்காக மற்றதை விட்டுவிடவில்லை என்பதை எமது பெற்றோர் கவனிக்க வேண்டும்.

2007 இல், 19 வயதில், ஒஸ்லோ நகரசபைக்குத் தெரிவானார். 2011 யூலை 22 அன்று ஏயூஎஃப்பின் கோடைகால முகாம் நடந்த ஊத்தோயா தீவில் ஒரு தீவிர வலதுசாரிப் பயங்கரவாதியின் தாக்குதலில் 69 பேர் உயிரிழந்தபோது, குளிர்ந்த ஏரியில் நீந்தி உயிர் தப்பியவர்களில் கம்சியும் ஒருவர். அதன் பின்னும் அவர் அரசியலை விட்டு ஒதுங்கவில்லை. 2015 இல், 27 வயதில், ஒஸ்லோவின் பிரதி நகரமுதல்வரானார். 2021 இல் நோர்வே நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்.

பிரதி நகரமுதல்வர் என்ற செய்தி வந்தபோது எமது ஊடகங்கள் எல்லாம் கொண்டாடின. ஆனால் அதற்கு முன்னர் நகரசபையில் கழிந்த எட்டு ஆண்டுகளையும், அதற்கும் முன்னர் இளையோர் அமைப்புகளின் கூட்டங்களில் கழிந்த மாலைப் பொழுதுகளையும் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை. தலைமை பழகிய இடம் அந்தக் கூட்டங்கள்தான்.

ஊத்தோயாவைப் பற்றி இன்னொரு தகவல். அந்தத் தீவை 1950 இல் ஏயூஎஃப்புக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவை ஒஸ்லோவின் தொழிற்சங்கங்கள். மூத்தவர்கள் ஒரு தீவையே இளையோர் கையில் ஒப்படைத்தார்கள். படுகொலைக்குப் பின், 2015 இல், இளையோர் மீண்டும் அங்கே முகாம் நடத்தினார்கள். நாங்களோ மண்டபத்தின் திறப்பைக் கொடுக்கவே யோசிக்கிறோம்.

டென்மார்க் தரும் வழிகள்

சங்கம் அமைக்கும் உரிமை டென்மார்க்கில் 1849 ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே உறுதி செய்யப்பட்டது. யாரிடமும் முன்அனுமதி பெறத் தேவையில்லை. விளையாட்டு, இசை, சாரணர் என்று எதற்கும் ஒரு சங்கம் இருப்பது இந்த நாட்டின் வழக்கம்.

1940 ஏப்ரலில் ஜேர்மனி டென்மார்க்கை ஆக்கிரமித்தது. அதே ஆண்டில் பல்வேறு கொள்கை கொண்ட இளையோர் அமைப்புகள் ஒரே குடையின் கீழ் வந்தன. அதற்குத் தலைமை தாங்கியவர் தேவாலய வரலாற்றுப் பேராசிரியர் ஹால் கொக். ஜனநாயகம் வாக்களிப்போடு முடிவதில்லை, அது ஒருவரோடொருவர் பேசி வாழும் முறை என்பது அவர் வலியுறுத்திய கருத்து. அந்தக் குடை அமைப்பு இன்றும் டெனிஸ் இளையோர் சம்மேளனமாக, டூஃப் என்ற சுருக்கப் பெயரில் இயங்குகிறது. அரச லொத்தர் வருமானத்தின் ஒரு பகுதி இதன் வழியாகவே நாட்டின் இளையோர் அமைப்புகளுக்குப் போய்ச் சேர்கிறது.

உள்ளூரில் உதவுவது மக்கள் கல்விச் சட்டம். எழுதப்பட்ட யாப்பு, தெரிவு செய்யப்பட்ட நிர்வாகம், எல்லோருக்கும் திறந்த அங்கத்துவம் ஆகியவை உள்ள சங்கம், 25 வயதுக்குட்பட்டோரின் செயற்பாடுகளுக்கு நகராட்சியிடம் மண்டப வசதியும் நிதியுதவியும் கேட்கலாம். கோல்டிங் நகராட்சிக்கும் இதே சட்டம்தான்.

அதற்கும் முந்திய படி பாடசாலையிலேயே இருக்கிறது. ஐந்தாம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ள பாடசாலைகளில் மாணவர் மன்றம் அமைக்கும் உரிமை பிள்ளைகளுக்குச் சட்டப்படி உண்டு. எமது வீடுகளில் இதைப் படிப்பைக் கெடுக்கும் வேலை என்று தடுப்பவர்கள் இருக்கிறார்கள். பதினொரு வயதில் ஒரு வகுப்பின் சார்பில் பேசப் பழகிய பிள்ளை, இருபத்தொரு வயதில் ஒரு சமூகத்தின் சார்பில் பேசத் தயங்காது.

கோல்டிங்குக்குப் பக்கத்தில் ஒரு குன்று

கோல்டிங்கிலிருந்து தெற்கே கொஞ்சத் தூரத்தில் ஸ்கம்லிங்ஸ்பேங்கன் என்ற குன்று இருக்கிறது. கோடையில் எமது குடும்பங்களும் காற்று வாங்கப் போகும் இடம். சிலேஸ்விக் பகுதியில் டெனிஸ் மொழி ஜேர்மன் மொழியால் ஒதுக்கப்பட்டபோது, மொழி உரிமைக்காக மக்கள் 1843 மே 18 அன்று அங்கே பெருந்திரளாகக் கூடினார்கள். அதன் பின் அது மொழி விழாக்களின் இடமாயிற்று. 1864 போரில் டென்மார்க் தோற்று சிலேஸ்விக்கை இழந்தது. 1920 வரை கோல்டிங் ஒரு எல்லை நகரம். எல்லைக்கு அப்பால் ஜேர்மன் ஆட்சியில் வாழ்ந்த டெனிஸ் மக்கள் 1880 இல் மொழிச் சங்கம் ஒன்றை அமைத்து, டெனிஸ் நூல்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தார்கள்.

அரசு தம்முடையதாக இல்லாத காலத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் மொழியைச் சங்கங்களே காத்தன என்பதை எமது பிள்ளைகள் வேறு தேசத்து வரலாற்றில் தேட வேண்டியதில்லை. அவர்கள் டெனிஸ் பாடசாலையில் படிக்கும் வரலாற்றிலேயே அது இருக்கிறது. தமிழ்ப் பாடசாலை எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தக் குன்றைக் காட்டிப் பதில் சொல்லலாம்.

கொடுப்பதற்கும் பழக வேண்டும்

கொடை எமக்குப் புதிதல்ல. உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைக்கும் பிடியரிசி வழக்கம் ஊரில் இருந்தது. பழைய மாணவர் சங்கங்கள் இன்றும் தாம் படித்த பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடமும் கணினியும் கொடுக்கின்றன. ஆனால் பெற்றோரின் வங்கிக் கணக்கிலிருந்து போகும் பணத்தில் பிள்ளைக்குப் பங்கில்லை. தான் படிக்காத பள்ளிக்கூடத்தின் பெயர் அதற்கு ஒரு பெயர் மட்டுமே.

டெனிஸ் மாணவர்கள் 1985 முதல் நடத்தி வரும் 'ஒப்பரேசன் டாவ்ஸ்வேர்க்' இங்கே பயனுள்ள எடுத்துக்காட்டு. ஆண்டில் ஒரு நாள் மாணவர்கள் வகுப்புக்குப் போகாமல் எங்காவது வேலை செய்து, அன்றைய கூலியை வேறொரு நாட்டு இளையோரின் கல்விக்குக் கொடுக்கிறார்கள். இத்திட்டம் 1960களின் தொடக்கத்தில் சுவீடனிலும் நோர்வேயிலும் பிறந்தது. எந்த நாட்டுத் திட்டத்துக்குப் பணம் போக வேண்டும் என்பதை மாணவர்களே வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். உழைப்பும் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. எமது சங்கங்களும் இதைச் செய்யலாம். வன்னியிலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ எந்தப் பள்ளிக்கூடத்துக்கு உதவுவது என்பதை இளையோரே விசாரித்து, விவாதித்து, தீர்மானிக்கட்டும்.

சட்டத்தையும் அவர்கள் தெரிந்திருக்க வேண்டும். 2014 இல் நடைமுறைக்கு வந்த நிதி சேகரிப்புச் சட்டத்தின்படி, பொதுமக்களிடம் பணம் சேர்ப்பதானால் அதற்குரிய சபைக்கு அறிவித்து, பின்னர் கணக்கு ஒப்படைக்க வேண்டும். நன்கொடைக்கு வரிச்சலுகை பெற, வாங்கும் அமைப்பு வரித்திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு தொடர்ந்து பணியாற்றும் வளர்ந்தவர்களுக்குச் சிறுவர் பாதுகாப்புச் சான்று பெறுவதும் சட்டப்படி கட்டாயம். தமிழ் வகுப்பு ஆசிரியருக்கும் விளையாட்டுப் பயிற்றுநருக்கும் இது பொருந்தும்.

பதிவின் பலம்

கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் எங்களிடம் இன்னும் இருக்கிறது. பதிவுக்கு இந்த நாட்டில் எவ்வளவு பலம் என்பதை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் எவரும் இல்லை. 1987 இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக நிறுத்தி வைத்தார். மனைவியும் பிள்ளைகளும் போருக்குள் காத்திருந்தார்கள். ஆவணங்களைத் தோண்டி எடுத்த விசாரணை அறிக்கை 1993 சனவரியில் வெளிவந்தபோது, பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995 இல் அரசியல் குற்ற நீதிமன்றம் முன்னாள் அமைச்சருக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. தமிழ் வழக்கு என்றே அதற்குப் பெயர். எமக்கு நீதி கிடைக்கக் காரணமானது எழுதி வைக்கப்பட்ட தாள். அதே ஒழுங்கை எமது சங்கத்தின் கூட்டக் குறிப்பிலும் பற்றுச்சீட்டிலும் பிள்ளைகளுக்குப் பழக்குவது எங்கள் கடமை.

இனிச் செய்யக்கூடியவை

முதலில் ஒரு சிறு நிகழ்வை, அதற்குரிய பணத்தோடு, இளையோரிடம் முழுமையாக ஒப்படைக்கலாம். பிழை விட்டாலும் இடையில் பறிக்கக் கூடாது. நிர்வாகக் குழுவில் இளையோருக்கு இரண்டு இடங்களாவது யாப்பிலேயே எழுதப்பட வேண்டும். அவற்றில் ஒன்று பெண்பிள்ளைக்கு என்று இருந்தால் இன்னும் நல்லது. தலைவர், பொருளாளர் பதவிகளுக்குக் கால எல்லை வேண்டும். கூட்டம் தமிழில் நடக்கட்டும். குறிப்பைத் தமிழிலும் டெனிஸிலும் எழுதலாம். தமிழில் தடுமாறும் பிள்ளையைச் சிரித்து அடக்கினால், அது மறுமுறை வாய் திறக்காது, கூட்டத்துக்கும் வராது.

மூத்தவர்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து, கேட்டால் மட்டும் ஆலோசனை சொல்லும் பெரியவர் ஒரு சங்கத்துக்குப் பெரும் சொத்து. இருபத்தைந்து வயதில் எவரிடமும் அனுமதி கேளாமல் சங்கம் தொடங்கியவர்கள் நாங்கள். அதே வயதில் நிற்கும் எமது பிள்ளைகளை இன்னும் பத்து வருடம் பொறுக்கச் சொன்னால், அவர்கள் பொறுக்க மாட்டார்கள். வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள்.