சூறையாடப்பட்ட கடைகள்: புங்குடுதீவு வணிகரும் மொரித்தானிய அனுபவமும்

சகாராவின் மேற்கு விளிம்பிலுள்ள மொரித்தானியாவின் இனமுரண்பாட்டை அரபியருக்கும் ஆபிரிக்கருக்கும் இடையே தொன்றுதொட்டு வரும் பகைமையாகக் காண்போர் பலர். இலங்கைப் பிரச்சினையை எல்லாளன், துட்டகைமுனு காலத்திலிருந்து தொடங்குவோரின் நோக்கும் இதுவே. நாம் இரண்டையும் ஒரு சிறு வணிகனின் கடையிலிருந்து நோக்க முற்படுகின்றோம்.

நன்னீர் அருகிய புங்குடுதீவு தன் மக்கள் அனைவருக்கும் சோறிட வல்லதாய் இருந்ததில்லை. ஆதலால் இவ்வூரார் கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் சென்று கடை வைத்தனர். சிறுவனாகச் சென்றவன் உறவினர் கடையில் உண்டு உறங்கித் தொழில் பழகிப் பின்னர் தானும் ஒரு கடை திறப்பான். குடும்பம் ஊரில், முதல் தெற்கில். சிங்களம் பேசி, அயலாருக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்து வாழ்ந்தவன் அவன். (கடை எரிந்தால் கடன் கொப்பியும் எரியும் என்பதை இனக்கலவர ஆய்வாளர் ஏனோ அதிகம் பேசுவதில்லை.)

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் நேரடியாகத் தாக்கியது உத்தியோகம் நாடிய படித்த தமிழரையே. எனினும் 1958இலும் 1977இலும் 1983இலும் கைக்கெட்டிய தூரத்தில் அகப்பட்டவன் கடைக்காரன்.

1960இல் சுதந்திரமடைந்த மொரித்தானியாவில், 1966இல் இடைநிலைப் பாடசாலைகளில் அரபு கட்டாயமாக்கப்பட்டது. பிரெஞ்சுக் கல்வியால் உத்தியோகம் பெற்றுவந்த தென்பகுதிக் கறுப்பின மக்கள் அதனை எதிர்த்தனர். ஆங்கிலக் கல்வியால் உயர்ந்த யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் நிலையும் இதற்கு அயலானதன்று. செனெகல் ஆற்றில் அணைகள் எழுந்து பள்ளத்தாக்கு நிலம் பெறுமதி பெறவிருந்த வேளையில், 1983இல் புதிய காணிச் சட்டம் வந்தது. பகை முற்றியதற்கு நிலமே பெருங்காரணம் என்பது எமது கருத்து.

1989 ஏப்ரலில் ஆற்றங்கரையில் கமக்காரருக்கும் மந்தை மேய்ப்போருக்கும் மூண்ட தகராறு இரு நாடுகளையும் பற்றியது. செனெகலில் சூறையாடப்பட்டவை மொரித்தானிய அரபு மொழியினரின் சில்லறைக் கடைகள். தம் நாட்டில் ஆளும் இனத்தவராயினும், அயல்நாட்டில் அவர்கள் புங்குடுதீவு வணிகரின் நிலையிலேயே இருந்தனர். மறுபுறம் மொரித்தானிய அரசு தன் கறுப்பினக் குடிகளைப் பல்லாயிரக்கணக்கில் ஆற்றுக்கப்பால் துரத்திற்று. அரபு பேசும் மக்களுக்குள்ளேயே அடிமை வழிவந்த ஹராத்தீன்களும் உளர். அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1981இல், அது குற்றமாக்கப்பட்டதோ 2007இல். ‘அரபியர்’ என்ற ஒற்றைச் சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றது.

‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடருக்கும் இக்கேள்வி பொருந்தும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வெளியேறியோரிற் பலர் வணிகர். 1983ஐ எழுதும் எமது பேனா இதனை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்குதல் நேர்மையன்று.

1990–91இல் அரச படைகள் தீவகத்தைக் கைப்பற்றியபோது புங்குடுதீவு மக்களும் தம் ஊரைவிட்டு ஓடினர். அவர்கள் பூட்டிவிட்டுச் சென்ற வீடுகளிற் பல, தெற்கின் கடைகளில் ஈட்டிய பணத்தால் எழுந்தவை.